இரண்டாவது இழுப்பு

சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடியில், கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் லாரி லாரியாக வரும் வெள்ளை விரிப்புகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எது நைந்துபோனது, எது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று பார்ப்பாள். கீழ்த்தளத்து நீராவி பலகைத் தரையின் இடுக்குகள் வழியாகக் கசிந்து மேலே வரும். மத்தியானத்தில் உயரமான ஜன்னல்களிலிருந்து வெயில் இறங்கும்போது, அந்த நீராவி பாலாக வெளுத்து அப்படியே நிற்கும். அந்த வெளுப்புக்குள் தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு அவள் பாதி இங்கே, பாதி வேறெங்கேயோ இருப்பாள். வேறெங்கே என்றால் ரொம்பத் தூரம் இல்லை. அதே கட்டடத்தின் கீழ்த்தளம்தான். ஆனால் இருபது வருஷத்துக்கும் முந்தைய கீழ்த்தளம்.

அப்போது அவள் மடிப்பு மேசையில் புதிதாகச் சேர்ந்தவள். பெரிய விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று மூலைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர வேண்டும். துணி விறைத்து நிற்கும்படி ஒரு இழுப்பு. பிறகு நீளவாக்கில் ஒரு மடிப்பு. பிறகு இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருவர் கையிலிருக்கும் மூலைகளை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போவார். விலகுவதும் நெருங்குவதும் விலகுவதுமாக நாள் முழுக்க இதே வேலை. நடுவில் வெள்ளைத் துணி காற்றில் உப்பி அடங்கும். எதிரில் நிற்பவரின் முகம் ஒரு கணம் மறைந்து, பிறகு தெரியும்.

அவளுக்கு எதிரில் நின்றவரை எல்லாரும் மடிப்புக்காரர் என்பார்கள். அதிகம் பேசமாட்டார். விரிப்பை விறைக்கும்போது எல்லாரும் ஒரு தடவைதான் இழுப்பார்கள். அவர் மட்டும் ஒரு தடவை இழுத்துவிட்டு, நடக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இன்னொரு தடவை சின்னதாக இழுப்பார். யாருக்கும் கண்ணில் படாத இழுப்பு அது. அவள் விரல் நுனிகளுக்கு மட்டும் தெரியும். 'வா' என்று சொல்கிற மாதிரி இருக்கும். முதல் நாள் தற்செயல் என்று நினைத்தாள். இரண்டாம் நாளும் வந்தது. அதற்கப்புறம் அந்த இரண்டாவது இழுப்புக்காகவே ஒவ்வொரு விரிப்பையும் எடுத்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால்கூட, கண்ணை மூடினதும் ஒரு வெள்ளை வெளியில் யாரோ மெதுவாக இழுப்பார்கள். அவள் நடந்துகொண்டே இருப்பாள்.

கடைசியில் அவளே ஒருநாள், மூலைகளை அவர் கையில் கொடுக்கும்போது, "எங்க அம்மாகிட்ட வந்து பேசுங்க. இனிமேலும் இழுத்துக்கிட்டே இருக்க வேணாம்" என்றாள். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தலையாட்டினார். அந்த வாரமே வந்து பேசினார்.

இதுதான் அந்த வீட்டின் கதை. உறவுக்காரர்கள் வந்தால் சொல்வாள், பக்கத்து வீட்டில் யாராவது மனசு ஒடிந்து உட்கார்ந்திருந்தால் சொல்வாள். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தூங்க வைப்பதற்குச் சொன்னதும் இதைத்தான். கல்யாணம் ஆனதும், புருஷன் பெண்டாட்டி ஒரே மேசையில் நின்றால் பேச்சில் வேலை கெட்டுவிடும் என்று மேற்பார்வையாளர் அவளை மாடிக்கு மாற்றிவிட்டார். அதற்கப்புறம் அவர்கள் சேர்ந்து எதையும் மடித்ததில்லை. வீட்டில்கூட இல்லை. நாள் முழுக்க மடித்துவிட்டு வருகிறவர் வீட்டிலும் மடிப்பாரா? துவைத்த துணியெல்லாம் கூடத்து நாற்காலியில் மலையாகக் குவிந்து கிடக்கும். வேண்டியதை அதிலிருந்து உருவிக்கொள்ள வேண்டியதுதான். ஊருக்கே மடித்துக் கொடுக்கிறவர் வீட்டு லட்சணம் இது என்று மகள் கேலி செய்வாள்.

அந்த மகளால்தான் இப்போது ஒரு கவலை. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே பின்னறையில் கண்ணாடி பொருத்துகிற பையன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறான். நல்ல பையன். வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது, கேட்காமலேயே மடிப்புக்காரரின் கண்ணாடியை வாங்கி, ஆடிக்கொண்டிருந்த அதன் காலைத் திருகு முடுக்கிச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனான். ஆனால் மகள் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்னடி குறை அவன்கிட்ட?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. ஆனா அப்பா உனக்கு ஒரு அடையாளம் காட்டினார்ல? உன் விரலுக்கு மட்டும் தெரியற மாதிரி. இவன் என்ன காட்டினான்? கண்ணாடியைத் துடைக்கிறான், வைக்கிறான். துடைக்கிறான், வைக்கிறான். எல்லாக் கண்ணாடியையும் அப்படித்தான் துடைக்கிறான்."

"பொறுத்துப் பாரு, காட்டுவான்."

"காட்டலேன்னா வேணாம்னு சொல்லிடுவேன். உங்களுக்குக் கிடைச்சது எனக்கும் கிடைக்கணும். கொறஞ்சு எதுக்கு?"

இதைக் கேட்டு ஊசியக்காவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். தான் வாழ்ந்த வாழ்க்கையை மகள் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறாள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை சாமான் தூக்கும் லிஃப்ட் நின்றுபோனது. தைத்து முடித்த விரிப்புகளை வழக்கமாக லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு வேறு வழியில்லாமல் ஊசியக்காவே மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். வேலை நேரத்தில் கீழ்த்தளத்துக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நீராவி முகத்தில் வெதுவெதுப்பாகப் படிந்தது. சோப்பும் சூடான துணியும் கலந்த அந்த வாசனை மட்டும் மாறவே இல்லை. கனவில் நடப்பதுபோல மெல்ல நடந்தாள். வெள்ளைக்கு நடுவில் உருவங்கள் விலகின, நெருங்கின.

கடைசி மேசையில் அவள் கணவர் நின்றார். எதிரில் ஒரு இளம் பெண். அவளைப் பட்டாசு என்பார்கள். சேர்ந்த நாளிலிருந்து வாய் ஓய்ந்ததில்லை. இருவரும் பின்னால் நகர்ந்தார்கள். துணி உப்பியது, அடங்கியது. அவர் இழுத்தார். பிறகு, நடப்பதற்கு முன்னால், சின்னதாக இன்னொரு இழுப்பு.

ஊசியக்காவின் தோளிலிருந்து மூட்டை தானாக இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

முதலில் வந்தது கோபம்தான். இந்த வயசில், இவ்வளவு சின்னப் பெண்ணிடம், அதுவும் தனக்கென்று இருந்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாரே என்று. ஆனால் அந்தக் கோபம் சூடேறுவதற்குள் பட்டாசு அவளைப் பார்த்துவிட்டாள்.

"வாங்கக்கா, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களாவது சொல்லுங்க. ஒரு தடவை இழுத்தா போதாதா? ஒவ்வொரு ஷீட்டுக்கும் ரெண்டு தடவை இழுக்கறார். சாயங்காலம் ஆனா எனக்குத் தோள்பட்டையே கழண்டு கைல வந்துடும்போல இருக்கு!"

மடிப்புக்காரர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "பழகிடும்மா. எனக்கு எதிர்ல நின்ன எல்லாரும் இதையேதான் சொன்னாங்க."

எல்லாரும்.

ஊசியக்கா குனிந்து மூட்டையை எடுத்தாள். அதை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். ஊசி ஓடியது, அவளும் ஓடினாள். சாயங்காலம் எழுந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு விரிப்புகளை ஒன்றோடொன்று சேர்த்து முழு நீளத்துக்கும் தைத்து வைத்திருந்தாள். பக்கத்து இயந்திரத்துக்காரி பார்த்துவிட்டு, "யானைக்கா போர்த்தப் போறீங்க?" என்று கேட்டாள். அந்தத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது அவள் நெஞ்சில் இருந்தது ஒரே கேள்விதான். இத்தனை காலமும் குடியிருந்த வீட்டுக்கு அஸ்திவாரமே போடவில்லை என்று யாரோ வந்து சொன்னால், அந்த வீடு இத்தனை நாள் எதன் மேல் நின்றது? இன்றைக்கு அதற்குள் எப்படிப் போய்ப் படுப்பது?

பேருந்தில் வழக்கம்போல இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெளியே தூறல். ஜன்னல் கண்ணாடியில் மூச்சு படிந்து, தெரு விளக்குகள் எல்லாம் பஞ்சு உருண்டைகளாகத் தெரிந்தன.

"பட்டாசை ரெண்டு தடவை இழுக்கறீங்க" என்றாள்.

"ஆமா."

"ஆமாவா?"

"வேற என்ன பண்றது? முதல் இழுப்புல துணி நழுவுது. மறுபடி இறுக்கிப் பிடிச்சாத்தானே நிக்குது." இடது கையைத் தூக்கிக் காட்டினார். கடைசி இரண்டு விரல்கள் சரியாக மடங்காமல் நின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இஸ்திரி உருளையில் சிக்கியவை. அந்த விரல்கள் அவளுக்குத் தெரியாதவையா? அவருக்காக எத்தனை பாட்டில் மூடிகளைத் திறந்து கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்த விரல்களையும் இந்த இழுப்பையும் அவள் மனசு ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பார்க்க விரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"பட்டாசுக்கு முன்னாடி?"

"குட்டையன் இருந்தான். அவனையும்தான்."

"எனக்கு முன்னாடி?"

"உனக்கு முன்னாடி... தாடிக்காரப் பெரியவர் ஒருத்தர். இருமிக்கிட்டே இருப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு திட்டு திட்டுவார்."

"அப்போ அந்த இருமல்காரத் தாடியும் நானும் ஒண்ணு."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"எப்போ சொல்றது? நீ அதை அப்படி எடுத்துக்கிட்டேன்னே எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்னிக்கு உங்க அக்காகிட்ட நீ கதையா சொல்லிட்டிருந்தே. பக்கத்துல நின்னு நானும் அப்பத்தான் முதல் தடவையா கேக்கறேன். எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. அந்த நேரத்துல போய், 'இல்லம்மா, அது விரல் கோளாறு'ன்னு சொல்ல முடியுமா?"

"அப்புறமாவது?"

"அப்புறம் நீ சொல்லிச் சொல்லி, ஒருவேளை அப்படித்தான் இருந்திருக்குமோன்னு எனக்கே ஆயிடுச்சு."

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இருவர் தோளும் இடித்துக்கொண்டன. அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ எதுக்கு வந்து பேசினீங்க? ஆசை இல்லாமயா?"

"பொய் சொல்லவா, நெஜம் சொல்லவா?"

"ரெண்டையும் சொல்லுங்க. முதல்ல பொய்."

"பாத்த உடனே ஆசை."

"நெஜம்?"

"பயம்." அவர் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைத் திருகிக்கொண்டே சொன்னார். "என்னைப் பத்தி அவ்வளவு உறுதியா யாரும் எதுவும் நினைச்சதில்ல. எங்க வீட்டுலகூட. நீ வந்து நின்ன விதத்தைப் பாத்தா, இவளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் இன்னும் தெரியலன்னு தோணிச்சு. சரி, போய்ப் பாப்போம்னு வந்தேன்."

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை. கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை விரலால் துடைத்தாள். அந்த இடம் மறுபடி மெல்ல மூடிக்கொண்டது.

"தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். "என்னிக்காவது?"

"தெரிஞ்சுது. ஆனா லேட்டா." அவர் சாப்பாட்டுப் பையைத் திருகுவதை நிறுத்தினார். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறவர்போலக் குரலைத் தணித்துக்கொண்டார். "நாம முதல்ல குடியிருந்த மாடி ரூம் ஞாபகம் இருக்கா? கீழ்வீட்டுல ஒரு டிரைவர் இருந்தாரே. ஒருநாள் நான் குழாயைத் திறந்துவிட்டுட்டுத் தூங்கிட்டேன். தண்ணி படியெல்லாம் ஓடி அவர் வீட்டு மெத்தை நனைஞ்சுபோச்சு. மனுஷன் கத்திக்கிட்டு மேல வந்தார். நீ இடுப்புல குழந்தையை வெச்சுக்கிட்டுப் படியில நின்ன. எங்க வீட்டுக் குழாய்ல ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி வரல, இந்தக் கட்டடமே ஓட்டை, என் வீட்டுக்காரர் மேல பழி போட்டா நாக்கு அழுகிடும்னு ஒரு போடு போட்ட பாரு! அவர் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிட்டார்."

"அய்யோ, நானா?"

"நீதான். அவரை அனுப்பிட்டு உள்ள வந்தே. கதவைச் சாத்தினே. தாழ்ப்பாள் போட்டே. அப்புறம் என்னைத் திட்டினே பாரு ஒரு திட்டு. கீழ கேட்டுடக் கூடாதுன்னு சத்தமே இல்லாம திட்டினே. வாய் மட்டும் அசையுது, கண்ணு ரெண்டும் வெளிய வந்துடும்போல இருக்கு. பாதி என்னன்னே எனக்குக் கேக்கல." அவர் சிரித்தார். சிரிப்பில் குரல் லேசாக உடைந்தது. "வெளிய எனக்காக ஊரையே ஏமாத்திட்டு, உள்ள வந்து என்னை மட்டும் ஏமாத்தாம நிக்கறாளேன்னு பாத்தேன். அன்னிக்குத்தான். அன்னியிலிருந்துதான்."

அவள் ஞாபகத்தைத் துழாவினாள். படி இருந்தது, டிரைவரின் மீசை இருந்தது. ஆனால் அந்தச் சண்டை எங்கேயும் இல்லை. தேடத் தேட வேறொன்றுதான் கையில் தட்டுப்பட்டது. அந்த வருஷம் அவள் மனசு வறண்டு கிடந்த வருஷம். குழந்தை இரவெல்லாம் அழும். எதிரில் சாப்பிடுகிற மனிதரைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. யாரோ வாடகைக்கு வந்து தங்கியிருப்பவர் மாதிரி இருக்கும். அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்று மனசுக்குள் எத்தனையோ தடவை துணி எடுத்து வைத்திருக்கிறாள். போகவில்லை. ஏன் போகவில்லை? கண்ணை மூடினால் அந்த வெள்ளை வெளியில் அந்தச் சின்ன இழுப்பு இருந்தது. அதை நாக்குக்கடியில் வைத்த கற்கண்டு மாதிரி கரைத்துக்கொண்டே அந்த வருஷத்தைக் கடந்தாள்.

தனக்கு ஆசை பொங்கி வழிந்த நாட்களில் இவருக்கு ஒன்றுமே இல்லை. தனக்கு ஒன்றுமே இல்லாத நாட்களில் இவருக்கு ஆரம்பித்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காலி ஆகவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை அப்படித்தான் நடந்திருக்கும். ஒருவர் கை ஓய்ந்தபோது மற்றவர் பிடித்துக்கொண்டிருந்திருப்பார். பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது பிடித்தவருக்கே தெரிந்திருக்காது.

நினைத்துக்கொண்டே அவள் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். தன்னைப் பற்றிய ஒரு கதை இவரிடம் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கிறார். அவளுக்கே தெரியாமல் அதில் அவள் படியில் நின்று கத்திக்கொண்டிருக்கிறாள்.

"நாக்கு அழுகிடும்னா சொன்னேன்?"

"இன்னும் என்னென்னமோ சொன்னே. பஸ்ல வெச்சுச் சொல்ல முடியாது."

அதற்குள் இறங்க வேண்டிய இடம் போய்விட்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தூறலில் திரும்பி நடந்தார்கள். ஈரத் தெருவில் விளக்குகள் தலைகீழாக மிதந்தன. அவள் கொஞ்ச தூரம் முன்னால் நடந்தாள், பிறகு வேகத்தைக் குறைத்தாள்.

"கோவமா?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவு பண்ணல. அந்தத் தாடிக்காரரை நினைச்சாத்தான் எரிச்சலா வருது." பிறகு, "அந்தத் தண்ணி கதையை முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்க. நான் என்ன புடவை கட்டியிருந்தேன்?" என்றாள். அவர் பச்சை என்றார். தன்னிடம் பச்சைப் புடவையே இருந்ததில்லை என்று அவள் வீடு வரும்வரை சண்டை போட்டாள்.

வீட்டில் மகள் நாற்காலியில் கிடந்த துணி மலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கைபேசி. முகம் சரியில்லை.

"என்னடி?"

"இன்னிக்கு மறுபடி கேட்டான். வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். எப்படி எழுதறதுன்னு பாத்துட்டிருக்கேன்."

ஊசியக்கா ஈரச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். விரல், உருளை, குட்டையன், தாடிக்காரர், பட்டாசு, எதையும் விடவில்லை. மடிப்புக்காரர் குற்றவாளிபோல வாசல் பக்கமே நின்றார். மகளின் வாய் திறந்தபடி இருந்தது.

"அப்போ அதெல்லாம் பொய்யா?"

"இழுத்தது நெஜம். எனக்குன்னு இழுக்கல."

"அய்யோ அம்மா! அதை வெச்சுத்தானே இத்தனை நாளா அவனை அளந்துட்டிருக்கேன்!"

"தெரியும். அதனாலதான் செருப்போட நிக்கறேன்." அவள் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவன் உனக்கு என்ன காட்டினான்னு தேடிட்டே இருக்காத. உன்கிட்ட அவன் என்னத்தைப் பாத்தான்னு அவனைக் கேளு."

"நான் ஒண்ணுமே காட்டலையே."

"நாங்க மட்டும் தெரிஞ்சா காட்டினோம்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். அவள் எழுந்து, கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். கூடத்தில் யாரும் அசையவில்லை. சின்னக் குரலில் ஏதோ கேட்டாள். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பதில் வந்தது. மகளின் முதுகைத்தான் இவர்களால் பார்க்க முடிந்தது. அது விறைப்பாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"நானா?" என்றாள் மகள். "நான் எப்போ அப்படிப் பண்ணினேன்?... இல்ல, எனக்குச் சத்தியமா ஞாபகமே இல்ல. சரி, சொல்லு. முதல்லேர்ந்து சொல்லு."